எழுத்தாளர் கூடல்களில் பதிப்பாளரையும் இதழாசிரியரையும் சந்திப்பது எப்படி? மலையகத்தில் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகச் சிறுகதை எழுதுகிறேன். போன போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தன்று எங்கள் வாசகர் வட்டம் கூடியபோது, வந்திருந்த இளம் பிள்ளைகள் கதை எழுதுவதைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. எழுதி முடித்ததை யாரிடம், எப்படிக் கொண்டுபோவது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அன்றைக்கு நேரம் போதவில்லை. அவர்கள் கேட்டவற்றோடு, முன்பு வேறு பிள்ளைகள் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இலக்கிய முகவர் என்கிறார்களே, அவர் யார்? தமிழில் அப்படி யாராவது இருக்கிறார்களா?

ஆங்கிலப் பதிப்புலகில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் நிற்பவர்தான் முகவர். கையெழுத்துப் பிரதியை வாசித்து, எந்தப் பதிப்பகத்துக்குப் பொருந்தும் என்று பார்த்து, ஒப்பந்தம் பேசி, எழுத்தாளருக்கு வரும் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்வார். வழக்கமாக உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கும் மொழிபெயர்ப்பு உரிமைக்கும் 20 சதவீதம். லண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்களில் பல, முகவர் வழியாக வராத பிரதிகளைப் பார்ப்பதில்லை. அதனால்தான் அங்கே நடக்கும் எழுத்தாளர் மாநாடுகளில் முகவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதற்கே தனியாக நேரம் ஒதுக்குகிறார்கள்.

தமிழில் இந்த வழக்கம் வேர்விடவில்லை. இங்கேயும் தமிழ்நாட்டிலும் எழுத்தாளர் நேராகப் பதிப்பாளரிடமே போகிறார். 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் மொழிபெயர்ப்பு உரிமை விற்பதையும் வாங்குவதையும் முன்வைத்துக் காரியங்கள் நடக்கின்றன. ஆனால் அது புத்தகமாக வந்துவிட்ட எழுத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோகிற வழி. பொகவந்தலாவையில் முதல் தொகுப்பைக் கையில் வைத்திருக்கிற பிள்ளைக்கு வேண்டியவர்கள் மூன்று பேர்: சிற்றிதழ் அல்லது வாரமலர் நடத்தும் இதழாசிரியர், பதிப்பாளர், இந்த இருவரிடமும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடிய மூத்த எழுத்தாளர்.

கதை நன்றாக இருந்தால் போதாதா? ஆட்களைத் தெரிந்திருப்பதால் என்ன பயன்?

இந்தக் கேள்வியில் ஒரு நியாயமான கோபம் இருக்கிறது, அது எனக்கும் இருந்தது. ஆனால் நம்முடைய இலக்கியம் எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். 1960களில் வீரகேசரி நாளிதழில் தோட்டப்புறத்துக்கென்றே ஒரு பக்கம் வந்தது. அதைக் கவனித்தவர் எஸ்.எம். கார்மேகம். மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் சிறுகதைப் போட்டிகள் நடத்தியது. பரிசு பெற்ற கதைகளை வீரகேசரி 1971இல் ‘கதைக்கனிகள்’ என்று தொகுப்பாகக் கொண்டுவந்தது. லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) குப்பி விளக்கில் எழுதிய பிள்ளைகளுக்கு, தங்கள் கதையை எதிர்பார்த்துக்கொண்டு ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று தெரிந்ததே பெரிய தைரியமாக இருந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை இதழும் மலையக எழுத்துக்கு இடம் கொடுத்தது. கண்டியிலிருந்து 2000ஆம் ஆண்டில் தி. ஞானசேகரன் ஞானம் இதழைத் தொடங்கினார். அந்தனி ஜீவா கொழுந்து இதழை நடத்தினார்.

ஓர் ஆசிரியரைத் தெரிந்திருப்பதைச் சிபாரிசு என்று நினைக்காதீர்கள். உங்கள் கதையை வாசித்து, “மூன்றாம் பக்கத்தில் தொடங்குங்கள், முதல் இரண்டு பக்கமும் வேண்டாம்” என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார். அதைச் சொல்ல நம் வீட்டிலோ பாடசாலையிலோ ஆளில்லை.

இவர்களை எங்கே சந்திக்கலாம்?

மிகப் பக்கத்தில் இருப்பது நூல் வெளியீட்டு விழா. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, கண்டி என்று எங்காவது நடந்துகொண்டுதான் இருக்கும், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையிலோ போயாவிலோ. கொழும்பென்றால் வெள்ளவத்தையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கும்; தமிழ்க் கடைகள் குறைவுதான், ஆனால் கடையில் உட்கார்ந்திருப்பவர் பல தடவை பதிப்பாளரேதான். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு 2007இல் தொடங்கிய காலி இலக்கிய விழா இருக்கிறது.

சென்னைக்குப் போக வசதியுள்ளவர்களுக்கு ஜனவரியில் பபாசி என்ற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தும் புத்தகக் காட்சி. ஒரு எச்சரிக்கை: அந்தக் கூட்டத்தில், பில் போட்டுக்கொண்டிருக்கிற பதிப்பாளரிடம் நாவலைப் பற்றிப் பேச முடியாது. வார நாளில் கடை திறந்த கையோடு போங்கள், இல்லாவிட்டால் பெயரை மட்டும் சொல்லி, “கண்காட்சி முடிந்த பிறகு மின்னஞ்சல் அனுப்பலாமா?” என்று கேட்டு வாருங்கள்.

போவதற்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில், சந்திக்கப் போகிறவர் வெளியிட்டதில் ஒன்றையாவது வாசித்திருங்கள். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்களும் நூல்களும் இலவசமாகவே கிடக்கின்றன. 2005 முதல் சேர்த்துக்கொண்டு வருகிறார்கள். கவிதை மட்டுமே போடுகிற பதிப்பகத்திடம் நாவலைக் கொண்டுபோய் இரண்டு பேருடைய நேரத்தையும் வீணாக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு பக்கக் குறிப்பு. மேலே தலைப்பு, அது நாவலா, தொகுப்பா, எத்தனை சொல், பிறகு ஏழெட்டு வரியில் விஷயம், கடைசியில் உங்கள் பெயரும் தொலைபேசி இலக்கமும். பாடசாலையில் வாங்கிய சான்றிதழ் எல்லாவற்றையும் எழுத வேண்டாம்.

மூன்றாவது, எழுத்துரு. இதில் அடிபட்டவர்கள் பலர், நானும் ஒருத்தி. நம் பக்கத்துக் கடைகளில் தட்டச்சு செய்யக் கொடுத்தால் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறார்கள். அந்தக் கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். ஓர் ஆசிரியர் எனக்கு ஒரே வரியில் பதில் போட்டார்: “அம்மா, எனக்கு எதுவும் விளங்கவில்லை.” கதையைத்தான் சொல்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய யூனிகோடில் மாற்றி, வேர்ட் கோப்பும் பிடிஎப்பும் இரண்டுமாக அனுப்புங்கள். மாற்றியபின் ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறி நிற்கும்.

விழாவில் எந்த நேரத்தில் போய்ப் பேசுவது? என்ன சொல்லித் தொடங்குவது?

அழைப்பிதழில் நாலு மணி என்றால் நாலரைக்குத்தான் விளக்கேற்றுவார்கள். மூன்றே முக்காலுக்கு அங்கே நில்லுங்கள். அப்போது மண்டபத்தில் இருப்பது நூலாசிரியரின் குடும்பம், கதிரை அடுக்குகிற இரண்டு பையன்கள், வெளியூரிலிருந்து நேரத்தோடு வந்துவிட்ட பேச்சாளர்கள். அந்தப் பேச்சாளர்களில் ஒருவர்தான் பெரும்பாலும் நீங்கள் தேடுகிற ஆள். அவருக்கும் பேச ஆளில்லாமல் கையில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்பார். அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

விளக்கேற்றியபின் வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று போய்விடும். சிறப்புப் பிரதிக்குப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் பண உறையோடு மேடைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் யாரையும் இழுத்துப் பேசாதீர்கள். நூலைப் பற்றிப் பேசும் நயவுரை நடக்கும்போது பின்வரிசையில் கிசுகிசுப்பதும் கூடாது. நயவுரை சொல்பவர்தான் நாளைக்கு உங்கள் கதையை வாசிக்கப் போகிறவராக இருக்கலாம். அவர் சொன்னதில் ஒன்றைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் அதைப் பற்றிக் கேட்டால் அவர் கட்டாயம் நின்று பேசுவார்.

தொடக்கம் எளிமையாக இருக்கட்டும். “வணக்கம் சேர், நான் மஸ்கெலியாவிலிருந்து வருகிறேன். உங்கள் இதழில் போன மாதம் வந்த அந்தக் கிணற்றுக் கதை எனக்குப் பிடித்தது, முடிவில் மட்டும் ஒரு சந்தேகம்.” இது போதும். உங்கள் கதையைப் பற்றி அவர் கேட்காமல் நீங்களாகத் தொடங்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட எல்லோரும் “நீங்கள் எழுதுவீர்களா?” என்று கேட்பார்கள். கேட்காவிட்டால், விடைபெறும்போது “நானும் எழுதுகிறேன், ஒரு கதை அனுப்பலாமா?” என்று நேராகக் கேளுங்கள்.

எப்படி அழைப்பது என்றும் பிள்ளைகள் தயங்குகிறார்கள். ஐயா, சேர், அம்மா, டீச்சர் எல்லாம் சரி. சிலர் தோழர் என்பதை விரும்புவார்கள், மற்றவர்கள் அவரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கொஞ்சம் கேட்டிருந்தால் தெரிந்துவிடும். முதல் சந்திப்பிலேயே அண்ணன், அக்கா என்று போக வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மண்டபத்தின் கடைசி வரிசையில், கதவோரம் உட்காருகிறார்கள். கூட்டம் முடிய முதலில் வெளியேறுவதும் அவர்கள்தான். கொழும்பில் படித்தவர்கள் முன்னால் நிற்கும்போது நமக்கு ஒரு கூச்சம் வருகிறது. எனக்கு அது போகப் பத்து வருடம் எடுத்தது. தயவுசெய்து மூன்றாவது வரிசைக்குள் உட்காருங்கள்.

“நாவல் எதைப் பற்றியது?” என்று கேட்டால் வாயடைத்துப் போகிறது. என்ன சொல்வது?

போன வருடம் ஒரு தம்பி என்னிடம், “டீச்சர், இது மலையக மக்களின் இருநூறு வருடச் சோகத்தைச் சொல்லும் நாவல்” என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். நம் முன்னோர் தோட்ட வேலைக்கு வரத் தொடங்கிய 1823இலிருந்து கணக்குப் பார்த்து, 2023இல் அவர்கள் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம் ஆட்கள் நடந்தே போனார்கள். அந்தச் சோகம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் அவருடைய நாவலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

யார், என்ன செய்கிறார், என்ன தடை என்று கேட்டேன். மெதுவாகச் சொன்னார்: “கொழுந்து நிறுக்கிற இடத்தில் தினமும் இரண்டு கிலோ குறைத்துப் போடுகிறார்கள். ஒரு அக்கா அதை மகளுடைய பழைய கொப்பியில் திகதி போட்டு எழுதி வைக்கிறா. ஒரு நாள் அந்தக் கொப்பி காணாமல் போகுது.” எனக்கு உடனே, கொப்பியை எடுத்தது யார் என்று கேட்கத் தோன்றியது. பதிப்பாளருக்கும் அப்படித்தான் தோன்றும். இந்த மூன்று வாக்கியத்தைத்தான் அவர் பதிப்பாளரிடமும் சொல்ல வேண்டும் என்றேன். வீட்டில் யாரிடமாவது சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கையெழுத்துப் பிரதியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா?

வேண்டாம். என் முதல் தொகுப்பின் ஒன்பது கதைகளையும் மோனிட்டர் கொப்பியில் எழுதி, கொழும்பில் ஒரு வெளியீட்டு விழாவில் ஒரு பதிப்பாளர் கையில் கொடுத்தேன். பிரதி எடுத்து வைக்கவில்லை. அவர் மரியாதையாகத்தான் வாங்கினார். அந்த விழாவில் அவருக்குக் கிடைத்த பூமாலை, பொன்னாடை, ஐந்தாறு புத்தகம் எல்லாவற்றோடும் என் கொப்பியும் ஒரு சொப்பிங் பைக்குள் போனது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது அப்படி ஒன்று வந்ததாகவே அவருக்கு ஞாபகமில்லை. ஒன்பதில் ஐந்து கதைகளை மட்டும் திரும்ப எழுத முடிந்தது. மற்ற நான்கும் போனதுதான்.

ஒரு பக்கக் குறிப்பை மட்டும் நாலைந்து பிரதி கொண்டுபோங்கள், கேட்டால் கொடுங்கள். முழுப் பிரதியைக் கேட்டால் மின்னஞ்சலில் அனுப்புங்கள். கையால் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள்.

தோட்டத்துச் சொற்களை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்க்க வேண்டாம். எழுத்துப்பிழை, நீண்ட வாக்கியம், ஒரே சொல்லை மூன்று விதமாக எழுதுவது, இவற்றில் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். பிரட்டுக்களம் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டுவது), இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) போன்ற சொற்கள் வெளியூர் வாசகருக்கு விளங்காது என்றால் புத்தகத்தின் பின்னால் சொல்விளக்கம் போடலாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குச் சம்மதிப்பார்கள்.

ஆனால் சில இடங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. என் கதையொன்றில் “அன்றைக்கு அவளுக்கு அரைப்பேர்தான் போட்டார்கள்” என்று ஒரு வரி. ஆசிரியர் அதை “அரை நாள் சம்பளம்” என்று திருத்தியிருந்தார். அர்த்தம் சரிதான். நான் அவருக்கு எழுதினேன்: தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் (வரவுப் பதிவேட்டில்) பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மழையில் நின்றவளின் பெயரைப் பாதியாக்குகிறார்கள். சம்பளம் என்று மாற்றினால் காசு மட்டும்தான் குறைகிறது. அவர் திருத்தத்தை எடுத்துவிட்டு, இப்படி வேறு சொற்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். அந்த ஆசிரியரோடு இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறேன். காரணத்தோடு சொன்னால் நல்ல ஆசிரியர்கள் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் “இது எங்கள் மொழி” என்று மட்டும் நின்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

ஊவாத் தோட்டமொன்றில் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் இலக்கிய விருது கொடுத்தார்கள். நம் சொற்கள் அந்த வாசகருக்கும் போய்ச் சேரும்.

“நீங்கள் காசு போட்டால் அச்சடித்துத் தருகிறோம்” என்கிறார்களே?

இலங்கையில் தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் எழுதியவர் காசிலேயே வருகின்றன, 300 அல்லது 500 பிரதிகள் என்று. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அச்சுக்கூலியா, பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் சேர்த்தா, எத்தனை பிரதி உங்கள் கைக்கு வரும், மிச்சத்தை யார் விற்பது, விற்ற காசு எப்போது வரும் என்று எழுத்தில் கேளுங்கள். பதிப்பகமே செலவு செய்தால் ரோயல்டி (விற்பனையில் எழுத்தாளருக்கு வரும் பங்கு) பேச வேண்டும். விலையில் 10 சதவீதம் என்பது தமிழ்நாட்டில் பரவலாகப் பேசப்படும் கணக்கு.

ஐஎஸ்பிஎன் என்ற புத்தகத்தின் சர்வதேச அடையாள இலக்கத்துக்குப் பெரிய தொகை கேட்டால் ஏமாறாதீர்கள். கொழும்பில் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைதான் அதை வழங்குகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம். இலங்கை நூலென்றால் 978க்குப் பிறகு 955 அல்லது 624 வரும். முகவர் என்று சொல்லிக்கொண்டு வாசிப்புக் கட்டணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒழுங்கான முகவருக்குப் புத்தகம் விற்ற பிறகுதான் பணம்.

கதையை வாசித்துவிட்டுத் திருடிவிட்டால்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு தேவையில்லை. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் அது இருக்கும். திகதியோடு மின்னஞ்சலில் அனுப்பினால் ஆதாரமும் இருக்கிறது. ஒன்று மட்டும்: சட்டம் காப்பது நீங்கள் எழுதியதை. வாயால் சொன்ன கருவை அல்ல. எழுதி முடித்துவிட்டுப் பேசுங்கள்.

நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். எனக்கு என்ன வழி?

மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில்தான் அதிகம் எழுதினார், நாம் பலர் அவரை மொழிபெயர்ப்பில் வாசித்தோம். ஆகவே இது நமக்குப் புதுப் பாதை இல்லை. எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி 1992இல் தொடங்கிய, ஆங்கில எழுத்துக்கான கிரேஷன் பரிசுக்கு இலங்கையில் வசிப்பவர்கள் அச்சாகாத பிரதியையும் அனுப்பலாம். குறும்பட்டியலில் பெயர் வந்தால் பதிப்பாளர்கள் உங்களைத் தேடத் தொடங்குவார்கள். வெளிநாட்டு முகவர்களுக்குப் பொதுவாக ஒரு கடிதம், கதைச்சுருக்கம், முதல் மூன்று அத்தியாயங்கள் என்று மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒவ்வொருவரும் என்ன கேட்கிறார் என்பது அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கும். நாவல் முழுதாக முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிடித்துவிட்டால் மிச்சத்தை மறுநாளே கேட்பார்கள்.

சந்தித்தாயிற்று. அப்புறம்?

இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு சிறு கடிதம் போடுங்கள். எங்கே சந்தித்தீர்கள், எதைப் பற்றிப் பேசினீர்கள் என்று ஒரு வரி, கேட்டிருந்தால் கதை. அவ்வளவுதான். ஒரு விழாவில் ஐம்பது பேரைப் பார்த்தவருக்கு உங்கள் முகம் ஞாபகம் இருக்காது, “கொப்பி காணாமல் போன நாவல்” ஞாபகம் இருக்கும்.

பிறகு மூன்று மாதமாவது பொறுத்திருங்கள். சிற்றிதழ் நடத்துபவர்கள் சம்பளத்துக்கு வேறு வேலை செய்துகொண்டு, இரவில் உங்கள் கதையை வாசிக்கிறவர்கள். தினமும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கப் படம் அனுப்பாதீர்கள், அதைப் பார்த்ததும் உங்கள் பெயரையே மௌனமாக்கிவிடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு தடவை மரியாதையாகக் கேளுங்கள். மறுத்தால் நன்றி சொல்லி, காரணம் சொல்லியிருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த கதையை அனுப்புங்கள். இடையில் அவருடைய இதழை வாசித்தால் இரண்டு வரி எழுதுங்கள். சிற்றிதழ் ஆசிரியருக்கு வாசகர் கடிதம் எவ்வளவு பெரிய விஷயம் என்று பலருக்குத் தெரியாது. எனக்கு முதன்முதலில் கதை கேட்டு எழுதிய ஆசிரியர், நான் அனுப்பிய வாசகர் கடிதங்களை வைத்துத்தான் என்னை அறிந்திருந்தார்.

பெண் பிள்ளை, தனியாகக் கொழும்புக்குப் போக வீட்டில் விடமாட்டார்கள். என்ன செய்வது?

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள். எங்கள் வட்டத்தில் அப்படித்தான் செய்கிறோம், பஸ் காசையும் பகிர்ந்துகொள்கிறோம். கூட்டம் எத்தனை மணிக்கு முடிந்தாலும் கடைசி பஸ்ஸைக் கணக்கில் வைத்து எழுந்துவிடுங்கள். நன்றியுரைக்கு இல்லாவிட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். தனியாக வேறிடத்தில் வந்து பிரதியைப் பற்றிப் பேசச் சொல்லும் எவரிடமும் போக வேண்டாம், அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி. பிரதியைப் பற்றிப் பேசுவதற்கு மண்டப வாசல் போதும், தொலைபேசி போதும். அப்படி யாராவது கேட்டால் வட்டத்தில் உள்ள மூத்த பெண்களில் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். போக முடியாதவர்கள் அடுத்த போயாவுக்குக் கதையை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டத்துக்கு வாருங்கள். வெளியூர் ஆசிரியர் ஒருவரை வருடத்தில் இரண்டு தடவையாவது நாங்களே ஹட்டனுக்கு அழைக்கிறோம், அவர் பஸ்ஸில் வந்து இறங்கும்போது நீங்களும் எங்களோடு நிற்கலாம்.